ரயிலில் லக்கேஜ்: சங்கிலியா, பூட்டா, டேக்கா, ஒப்படைத்துவிடுவதா?

ரயில் பயணத்துக்கு லக்கேஜ் பாதுகாப்பு என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும்: இரும்புச் சங்கிலி, சுருள் கேபிள், நம்பர் பூட்டு, பிளேடுக்குக் கிழியாத துணிப் பை, கூவுகிற அலாரம் பூட்டு, இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் டேக். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகை இழப்பைத் தடுக்கும். எல்லாவற்றையும் தடுக்கும் ஒன்று அதில் கிடையாது. ஆகவே எதையும் வாங்குமுன், நாம் போகிற வண்டியில் பை எந்த வழியில் கைவிட்டுப் போகும் என்று யோசித்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும்.

வழிகள் அதிகமில்லை. முதலாவது, பையை அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவது. பெரும்பாலும் வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது, அதிலும் கதவு மூடப்போகிற கடைசி நொடிகளில் இது நடக்கும். நீங்கள் பார்த்துக் கத்தினாலும் அவன் பிளாட்பாரத்தில் இருப்பான், நீங்கள் நகரும் வண்டிக்குள் இருப்பீர்கள். இரண்டாவது, பை இருந்த இடத்திலேயே இருக்கும், உள்ளே இருந்தது போயிருக்கும். இது தூங்கும் நேரத்து வேலை. மூன்றாவது, யாரோ அவசரத்தில் தன்னுடையது என்று நினைத்து உங்கள் கறுப்பு சூட்கேஸை இழுத்துக்கொண்டு போவது. நான்காவது, நீங்களே மறந்து இறங்குவது. கடைசி இரண்டும் திருட்டே இல்லை என்பதால் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பை போனதென்னவோ போனதுதான்.

கீழே வரும் ஒவ்வொரு பாதுகாப்பு வழியையும் இந்த நான்கு இழப்புகளோடு உரசித்தான் பார்க்கப்போகிறேன்.

எங்கே வைக்கிறோம் என்பதே பாதி

காசில்லாத வழி இதுதான், ஆனால் இதைத்தான் யோசிக்காமல் செய்கிறோம். உட்கார்ந்து போகும் வண்டியில் நான்கு இடங்கள் உண்டு: தலைக்கு மேலே உள்ள தட்டு, காலடி, முதுகோடு முதுகாக இருக்கும் இருக்கைகளுக்கு நடுவே உள்ள முக்கோண இடைவெளி, கோச்சின் கோடியில் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரேக்.

தலைக்கு நேர் மேலே வைத்தால் பக்கத்திலேயே இருக்கிறது என்று ஒரு நிம்மதி. உண்மையில் கோச்சிலேயே உங்கள் கண்ணில் படாத இடம் அதுதான். எதிர்ப்பக்கத் தட்டில், ஓரிரு வரிசை முன்னால் தள்ளி வையுங்கள். போனிலிருந்து தலை நிமிர்த்தினாலே பை தெரியும். அதை எடுக்க வருகிறவன் உங்கள் கண்ணெதிரே கையைத் தூக்கியாக வேண்டும். ஒரே ஒரு தொல்லை, அந்தத் தட்டுக்குக் கீழே இருப்பவர் "இது யாருடையது?" என்று கேட்பார். கேட்கட்டும், அதுவும் நல்லதுதான். பைக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டார்.

இருக்கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. நடுத்தர டிராலி பை ஒன்று அதில் படுத்துக்கொள்ளும். கதவிலிருந்து தள்ளி இருக்கிறது, வெளியே இழுக்கச் சில நொடிகள் ஆகும், இழுக்கும்போது உங்கள் இருக்கையே ஆடும். எல்லாக் கோச்சிலும் இந்த அமைப்பு இருப்பதில்லை. இருந்தால் முதல் தேர்வு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன்.

கதவோர ரேக்குக்கு என்னிடம் நல்ல வார்த்தை கிடையாது. முதல் வகைத் திருட்டுக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற இடம் அது. இறங்குகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள், எல்லாரும் ஏதோ ஒரு பையை இழுப்பார்கள், எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. பை வேறெங்கும் நுழையாத அளவு பெரியது என்றால் வேறு வழியில்லை. அப்போது ரேக் தெரியும்படி ஒரு இருக்கையைப் பிடியுங்கள், பையின் கைப்பிடி சுவர்ப்பக்கம் இருக்கும்படி வையுங்கள், வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து ஒரு பார்வை பாருங்கள். இந்த ரேக்கில் ஒரு வசதியும் இருக்கிறது, அதன் கம்பிகள். கேபிள் போடுவதற்கு அவற்றைவிட வாகான இடம் கோச்சில் வேறில்லை.

ஜப்பானில் இந்தக் கேள்வியை ரயில்வேயே தீர்த்துவைத்துவிட்டது. டோக்காய்டோ, சான்யோ, கியூஷு ஷின்கான்சென் (புல்லட் ரயில்) வழித்தடங்களில் 2020 மே முதல், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ.யைத் தாண்டி 250 செ.மீ.க்குள் வரும் பைகளுக்கு, அதற்கென இடம் உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் அது கடைசி வரிசை, பை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இட நெருக்கடிக்காக வந்த விதி பாதுகாப்புக்கும் உதவுகிறது: பெரிய பைக்கும் அதன் சொந்தக்காரருக்கும் இடையே யாரும் இல்லை.

படுத்துப் போகும் வண்டியில் கணக்கு மாறுகிறது. கீழ் பெர்த் கிடைத்தவருக்குக் கவலை குறைவு, பை அவர் உடம்புக்கு நேர் கீழே இருக்கும். மேல் பெர்த்காரரின் பெரிய பையும் அதே கீழ் பெர்த்துக்கு அடியில்தான் போகும். ஆனால் இரவு முழுவதும் அவருக்கு அது தெரியாது, அதை யாராவது நகர்த்தினாலும் கேட்காது. சங்கிலி மிகவும் தேவைப்படுவது இவருக்குத்தான். மேல் பெர்த்தின் ஆறுதல், சிறிய பையைத் தலைமாட்டில் சுவரோரம் வைத்துக்கொள்ளலாம், நடைபாதையில் நிற்பவன் கைக்கு எட்டாது. கதவுள்ள கேபினில் படுக்கிறவர்கள் பூட்டோடு உள் தாழ்ப்பாளையும் போட வேண்டும். பூட்டு மட்டும் இருந்தால் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறந்துவிடலாம். ஐரோப்பாவில் 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய புதிய நைட்ஜெட் இரவு வண்டிகளின் ஒற்றையாள் கேபின்களில், பைக்கும் காலணிக்கும் தனியாகப் பூட்டக்கூடிய சிறு அறைகளே வைத்துவிட்டார்கள். அந்தச் சிற்றறையில் பெரிய சூட்கேஸ் அடங்காது.

சங்கிலியும் கேபிளும்

வாங்கக்கூடிய பொருள்களில் ஒன்றே ஒன்றைத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். போல்ட் கட்டர் வைத்திருக்கிறவன் எந்தச் சங்கிலியையும் வெட்டிவிடுவானே என்று சிலர் கேட்பார்கள். வெட்டுவான்தான். ஆனால் நாற்பது ஐம்பது பேர் படுத்திருக்கும் கோச்சில் போல்ட் கட்டரோடு குனிந்து உட்கார்ந்து வேலை செய்யும் ஆளை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ரயில் திருடனுக்கு வேண்டியது வேகம். கட்டிய பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு கட்டாத பையைத் தேடிப் போய்விடுவான்.

பழைய பாணி வளையச் சங்கிலி கனம், சத்தம். அந்தச் சத்தம்தான் அதன் நல்ல குணம். யாராவது இழுத்தால் கலகலவென்று உங்களுக்கும் கேட்கும், எதிர் பெர்த்காரருக்கும் கேட்கும். பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்டீல் கேபிள் எடை குறைவு, பையைக் கீறாது, சுருட்டினால் கைக்குள் அடங்கும், ஆனால் ஓசை எழுப்பாது. மூன்றாவது வகை, சிறு டப்பாவிலிருந்து இழுக்க இழுக்க நீளும் மெல்லிய கம்பி. பார்க்க அழகாக இருக்கும். சாதாரண கட்டிங் பிளேயரால் ஒரே அழுத்தில் போய்விடும். கேபிள் குறைந்தது 4, 5 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும். நீளம் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இருந்தால் இரண்டு பைகளைச் சேர்த்துக் கட்டலாம். இரண்டு பைகளை ஒன்றோடொன்று கட்டுவதே பாதிப் பாதுகாப்பு. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும், யாரும் அந்த மூட்டையோடு ஓட முடியாது.

எதோடு கட்டுவது? இந்திய ரயில்களின் படுக்கை வசதிக் கோச்சுகளில் கீழ் பெர்த்துக்கு அடியில் இதற்கென்றே வளையங்கள் இருக்கின்றன. மற்ற இடங்களில் பெர்த்தின் நிலையான கால், ரேக்கின் கம்பி, இருக்கையின் இரும்புச் சட்டம். மடிக்கிற மேசை, கழற்றக்கூடிய ஏணி, கை வைக்கும் கட்டை இவற்றோடு கட்டாதீர்கள். கட்டிய பிறகு பலமாக ஒரு முறை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பையில் எந்த இடத்தில் கோர்ப்பது என்பதில்தான் நல்ல சங்கிலியும் வீணாகிறது. பக்கவாட்டுத் துணிக் கைப்பிடி நான்கு தையலில் நிற்கிறது, பிளேடு பட்டால் முடிந்தது. டிராலியின் இழுகைப்பிடியைக் கொஞ்சம் வெளியே எடுத்து, அதன் உலோகக் கம்பிகளுக்கு நடுவே விட்டு, துணிக் கைப்பிடி வழியாகவும் ஒரு சுற்று கொண்டுவந்தால் போதும். முதுகுப் பை என்றால் இரண்டு தோள்பட்டைகளையும் மேலே உள்ள தூக்கு வளையத்தையும் சேர்த்துக் கோருங்கள். பட்டையை வெட்டினால் பை விடுபடும், ஆனால் மாட்டிக்கொண்டு போக அதில் பட்டை இருக்காது.

சாவிப் பூட்டா நம்பர் பூட்டா என்பதற்கு, பகல் வண்டிக்கு நம்பர், இரவு வண்டிக்குச் சாவி என்பது என் கருத்து. விடியற்காலை மூன்று மணிக்கு இருட்டில், எல்லாரும் தூங்கும்போது, பெர்த்துக்கு அடியில் தலையை விட்டு எண்களைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சாவியை ஒரு கயிற்றில் கோர்த்துக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளலாம். அதைப் பூட்டிய பைக்குள்ளேயே போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம்பர் பூட்டே மேல்.

இறங்கும் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம் முன்னால் எல்லாரும் சங்கிலியைக் கழற்றுவார்கள். அங்கிருந்து இறங்கும்வரை ஒரு கை பையின் மேல் இருக்க வேண்டும். ராத்திரி முழுவதும் கட்டிக் காத்துவிட்டு, கழற்றிய பையைக் கதவோரம் நிறுத்திவிட்டு முகம் கழுவப் போகிறவர்கள் உண்டு. நடைபாதைக்குக் குறுக்கே கேபிளை இழுத்துக் கட்டுவதும் கூடாது. புகை, தீ என்று வந்தால் அடுத்தவர் கால் அதில்தான் சிக்கும். அப்படி ஒரு நிலை வந்தால் பூட்டைத் திறந்துகொண்டு இருக்காமல் பையை விட்டுவிட்டு ஓட வேண்டும்.

முதல் வகைக்குச் சங்கிலி மிக நல்ல பதில். மூன்றாவதற்கும் உதவும், கட்டிய பையை யாரும் தவறுதலாக எடுத்துப் போக முடியாது. இரண்டாவதற்கு ஒன்றுமே செய்யாது.

ஜிப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாக

இரண்டாவது வகைக்கு என்று சொல்லித்தான் ஜிப்பின் இரு முனைகளையும் சேர்த்துப் பூட்டும் சிறு பூட்டுகளை விற்கிறார்கள். சுருள் பற்கள் கொண்ட சாதாரண நைலான் ஜிப்பை ஒரு பால்பாயின்ட் பேனா முனையால் குத்தி நடுவில் பிளந்துவிடலாம். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, பூட்டிய முனைகளை அப்படியே சேர்த்துப் பிடித்து அந்த இடத்தின் மேல் ஓட்டினால் ஜிப் திரும்ப மூடிக்கொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருக்கும், வீட்டுக்குப் போய்த் திறக்கும்வரை உங்களுக்குத் தெரியாது. ஜிப் முனைகளைப் பையின் உடலோடு அழுத்திப் பிடிக்கும் உள்பொருத்திய பூட்டுகள் ஒரு படி மேல். அவற்றிலும் பிளக்கலாம், ஆனால் பிளந்ததை மறைக்க முடியாது. ஜிப்பே இல்லாமல் சட்டமும் கொக்கியும் கொண்ட சூட்கேஸ்களில் இந்த வித்தை எடுபடாது. எடைதான் கூடுதல்.

மூன்று இலக்க நம்பர் பூட்டில் ஆயிரம் சேர்க்கைகள். ஒன்றுக்கு இரண்டு நொடி என்று வைத்தாலும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே போதும். நான்கு இலக்கம் என்றால் ஐந்தரை மணி நேரம். ஒரு சின்ன சக்கரம் கூடுவதால் கிடைக்கும் வித்தியாசம் இது. மலிவான பூட்டுகளில் சக்கரத்தை அழுத்தித் திருப்பினாலே சரியான எண் விரலுக்குத் தட்டுப்படும் என்பது வேறு விஷயம்.

டிஎஸ்ஏ முத்திரை போட்ட பூட்டுக்கு ரயிலில் ஒரு வேலையும் இல்லை. அமெரிக்க விமான நிலையங்களில் சோதனை அதிகாரிகள் பூட்டை உடைக்காமல் பொதுச் சாவியால் திறப்பதற்காக 2003இல் வந்த ஏற்பாடு அது. 2014இல் அந்தப் பொதுச் சாவிகளின் படம் ஒரு அமெரிக்க நாளிதழில் வெளியானது. மறு ஆண்டே அதைப் பார்த்து முப்பரிமாண அச்சில் சாவி செய்யும் கோப்புகள் இணையத்தில் வந்துவிட்டன. விமானத்துக்கு அது தேவைப்படலாம். ரயிலில் அந்த முத்திரை, உங்கள் பூட்டுக்கு ஊரில் இன்னொரு சாவி இருக்கிறது என்று எழுதி ஒட்டியதற்குச் சமம்.

இதற்குப் பதிலாக நான் சொல்வது கண்ணில் அடிக்கிற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை, அதாவது ஒரு முறை இறுக்கினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டிய மெல்லிய பட்டை. தடுக்கும் சக்தி பூட்டைவிடக் குறைவுதான். அறுத்தால் உடனே தெரியும், வேறு நிறத்தை மாட்டி மறைக்க முடியாது. திறக்க ஒரு நகவெட்டி போதும்.

டேக்: வருமுன் காக்காது

ஆப்பிளின் ஏர்டேக் 2021 ஏப்ரலில் வந்தது. ஆண்ட்ராய்டு போன்களை வைத்துக் கூகுள் தன் வலையமைப்பை 2024 ஏப்ரலில் விரிக்கத் தொடங்கியது. இந்த வகை டேக்குகளுக்குள் ஜிபிஎஸ் கிடையாது. டேக் புளூடூத்தில் மெல்லிய சமிக்ஞை அனுப்பும், பக்கத்தில் போகிற யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டுத் தன் இருப்பிடத்தைச் சொல்லும், அது உங்கள் திரையில் தெரியும். ரயிலுக்கு இது ஓரளவு பொருந்துகிறது, சுற்றிலும் போன்கள்தானே. சிக்னல் இல்லாத காட்டுவழியில் போகும்போது தகவல் தாமதமாக வரும்.

பை போன பிறகுதான் டேக் பேசத் தொடங்குகிறது. பை ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிவிட்டது என்று தெரியும்போது நீங்கள் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பீர்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. ஒருவரை மறைமுகமாகப் பின்தொடர டேக்கைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, அறியாத டேக் ஒன்று கூடவே வந்தால் போன் எச்சரிக்கும். 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து இதை இரு வகைப் போன்களுக்கும் பொதுவாக்கின. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த எச்சரிக்கை உங்கள் பையைத் தூக்கிப் போனவன் போனுக்கும் போகும். தேடிப் பிடித்து எறிந்துவிடுவான்.

அப்படியானால் வேண்டாமா? வேண்டும், வேறு காரணத்துக்கு. பை மாறிப்போவது, மறந்து இறங்குவது இரண்டுக்கும் இதைவிட நல்ல பதில் இல்லை. மாற்றி எடுத்துப் போனவர் டேக்கை எறிய மாட்டார். அவருக்கும் தன் பை வேண்டும். போனும் பையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் எச்சரிக்கும் வசதியைப் போட்டுவைத்தால், பிளாட்பாரத்தில் பத்தடி நடப்பதற்குள் போன் கூப்பிட்டாலும் கூப்பிடும். உள் துணிக்கு அடியில் வையுங்கள், வெளியே சாவிக்கொத்து போலத் தொங்கவிட வேண்டாம். சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி ஏறக்குறைய ஒரு வருடம் வரும். திருட்டு என்று தெரிந்தால் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடாமல் காவல்துறையிடம் காட்டுங்கள்.

டேக் இல்லாமலும் மூன்றாவது வகையைக் குறைக்கலாம். கைப்பிடியில் ஒரு பளிச்சென்ற துணி, மேலே பெரிய ஒட்டுப்படம். கறுப்பு சூட்கேஸ் வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

உடம்போடு வைத்துக்கொள்வது

இரண்டாவது வகைக்கு உண்மையான தீர்வு இதுதான்: திருடத் தக்கது எதுவும் பெரிய பையில் இல்லாமல் பார்த்துக்கொள்வது. பாஸ்போர்ட், கார்டுகள், பணத்தில் பெரும்பகுதி, தினமும் சாப்பிடும் மருந்து, வீட்டுச் சாவி இவ்வளவும் சட்டைக்கு உள்ளே கட்டும் பையிலோ மார்புக்குக் குறுக்கே போடும் சிறு பையிலோ அடங்கிவிடும். இதைச் செய்துவிட்டால் பெரிய பையைப் பற்றிய பதற்றம் பாதியாகக் குறையும். போனாலும் போவது துணிமணிதான். லேப்டாப் இருப்பவர்கள் அதைத் தலையணைப் பக்கம் சுவரோரமாக வைத்து, பைப் பட்டையைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு தூங்கலாம். போனை சார்ஜில் போட்டு நடைபாதையோர சாக்கெட்டில் தொங்கவிட்டுத் தூங்குவதை மட்டும் தவிர்க்க வேண்டும். பவர் பேங்க் ஒன்று இருந்தால் போன் போர்வைக்குள்ளேயே சார்ஜ் ஆகும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் கதவருகே நெரிசலில் சிறு பையை முன்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். கிழியாத துணிப் பைக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. முன்னால் தொங்கும் சாதாரணப் பையை யாரும் வந்து கிழிப்பதில்லை.

ஒப்படைப்பது: சட்டம் இங்கேதான் மாறுகிறது

கையோடு கொண்டுபோகிற பைக்கும் ரசீது வாங்கிக்கொண்டு ரயில்வேயிடம் ஒப்படைக்கிற பைக்கும் உள்ள வித்தியாசம் வசதியோடு நிற்பதில்லை. யார் பொறுப்பு என்பதே மாறிவிடுகிறது.

இந்தியாவின் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், பிரிவு 100இல் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. ரயில்வே ஊழியர் பதிவுசெய்து ரசீது கொடுத்த லக்கேஜ் தவிர மற்றதற்கு ரயில்வே பொறுப்பாகாது. பயணி தன் பொறுப்பில் எடுத்துச் செல்வது தொலைந்தால், ரயில்வேயின் அல்லது அதன் ஊழியரின் அலட்சியமோ முறைகேடோ காரணம் என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதே திசையில் தீர்ப்பளித்தது. பயணத்தில் ஒரு பயணியின் ஒரு லட்சம் ரூபாய் திருடுபோனது. நுகர்வோர் மன்றங்கள் ரயில்வே திருப்பித் தர வேண்டும் என்றன. தன் உடைமையைப் பயணியால் காத்துக்கொள்ள முடியாமல் போனால் அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. அந்தப் பணம் இடுப்பு பெல்ட்டில் கட்டியிருந்த பணம். உடம்போடு கட்டுவதும் முழுக் காப்பு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

பல நாடுகளுக்கிடையே ஓடும் ரயில்களுக்கான சிஐவி விதிகளும் ஏறக்குறைய இப்படித்தான். கைப்பையைப் பார்த்துக்கொள்வது பயணியின் கடமை, ரயில் நிறுவனத்தின் தவறு இருந்தால் ஒழிய அதற்கு நிறுவனம் பொறுப்பில்லை. பதிவுசெய்த லக்கேஜ் தொலைந்தால், இழப்பை நிரூபிக்க முடிந்தவருக்குக் கிலோவுக்கு 80 அல்லது ஒரு பைக்கு 1,200 கணக்கலகுவரை. நிரூபிக்க முடியாதவருக்குக் கிலோவுக்கு 20 அல்லது பைக்கு 300தான். கணக்கலகு என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் எஸ்டிஆர், சில முக்கிய நாணயங்களின் மதிப்பைச் சேர்த்துக் கணக்கிடும் அலகு. நான்கு மடங்கு வித்தியாசம். பையை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதை ஒரு படம் எடுத்து, விலை உயர்ந்ததற்கு பில்லையும் போனில் வைத்துக்கொண்டால் அந்த நான்கு மடங்கின் பக்கம் நிற்கலாம்.

வசதி என்று பார்த்தால், ஒப்படைக்கும் சேவை எல்லா வண்டியிலும் இல்லை. அமெரிக்காவின் ஆம்ட்ராக்கில் இந்தச் சேவை உள்ள ஸ்டேஷன்களில் தலா 50 பவுண்டுக்கு மிகாத, அதாவது சுமார் 23 கிலோ எடையுள்ள இரண்டு பைகளைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். புறப்பாட்டுக்கு 45 நிமிடம் முன்னால் கொடுத்துவிட வேண்டும். ஜப்பானில் இது ரயிலோடு சேராத தனித் தொழில். 1976இல் தொடங்கிய தக்கியூபின் கூரியர் முறையில் பையை முன்னதாகவே தங்குமிடத்துக்கு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு வண்டி ஏறுகிறார்கள். இரண்டு மூன்று பெரிய பைகளோடு இறங்கி ஏறி வண்டி மாறுகிறவர்களுக்கு இதற்கு இணை இல்லை. அன்று ராத்திரியே தேவைப்படும் பொருளை மட்டும் அதில் போட்டுவிடக் கூடாது.

வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே சில மணி நேரம் இருந்தால் கிளாக் ரூமோ லாக்கரோ. ஆள் இருக்கும் இடத்தில் ரசீது, ஆளில்லா லாக்கரில் குறியீட்டெண். இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த நேரம்வரை திறந்திருக்கும் என்று முதலில் பாருங்கள். லாக்கரைப் பூட்ட உதவ வருகிற அறிமுகமில்லாதவரின் உதவி வேண்டாம். சாவியோ எண்ணோ அவர் கண்ணில் படும்.

பயணக் காப்பீடு எடுத்தவர்கள் இரண்டு வரிகளை மட்டும் தேடிப் படித்தால் போதும்: கவனிப்பில்லாமல் விட்ட பைக்குப் பணம் உண்டா, ஒரு பொருளுக்கு உச்சவரம்பு எவ்வளவு. அநேகப் பாலிசிகள் முதலாவதற்கு இல்லை என்றும், போலீஸ் அறிக்கையைக் குறுகிய காலத்துக்குள் பெற வேண்டும் என்றும் சொல்லும். அதனால் பை போனது தெரிந்ததும் வண்டியில் இருக்கும் ஊழியரிடம் அங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 139 என்ற எண்ணை அழைக்கலாம், பயணத்தை முறிக்காமல் வண்டியிலேயே புகார்ப் படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கவும் வழியிருக்கிறது. பிரிட்டனில் 61016க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ரயில்வே போலீசுக்குப் போகும்.

உங்கள் பயணத்துக்கு எது

இரண்டு மூன்று மணி நேரப் பகல் பயணம், ஒரே பை: எதுவும் வாங்காதீர்கள். கண்ணில் படும் இடத்தில் வைத்தால் போதும். ராத்திரிப் பயணம், கதவில்லாத பெர்த்: தடிமனான கேபிள், சாவிப் பூட்டு, உடம்போடு சிறு பை. கதவுள்ள கேபின், கூடவே குடும்பம்: உள் தாழ்ப்பாள் போதும், கேபிள் உங்கள் மனநிம்மதிக்கு. பெரிய பைகள், பல வண்டி மாற்றம்: முடிந்தால் ஒப்படையுங்கள், முடியாவிட்டால் பைகளை ஒன்றோடொன்று கட்டுங்கள், டேக்கும் போடுங்கள். எண்ணி எண்ணிப் பார்த்தும் ஒரு பையை மறக்கிறவர் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் டேக்.

தனியாகப் போகிறவர் நிலைமைதான் கடினம். பூட்டு, டேக் எல்லாம் இருந்தாலும் கழிவறைக்குப் போகும் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் வேண்டும். ஏறியதுமே பேச்சுக்கொடுத்தவரை நம்பி விட்டுப் போவதைவிட, குழந்தைகளோடு இருக்கும் குடும்பத்திடம் சொல்லிவிட்டுப் போகலாம். அவர்கள் தங்கள் லக்கேஜை விட்டு நகர மாட்டார்கள், இறங்கி ஓடவும் முடியாது. சிறு பையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். வண்டி ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்தால், அது நின்று மறுபடி கிளம்பும்வரை பொறுத்துக்கொண்டு பிறகு எழுந்திருங்கள்.